சாலைக்கு மேல் ஒரு சாலை: சுவிட்சர்லாந்தின் ஏ1 நெடுஞ்சாலைப் புதுப்பிப்பும் அதன் போக்குவரத்து விளைவுகளும்

2022-ஆம் ஆண்டு வசந்த காலத்தில், சுவிட்சர்லாந்தின் சோலோதுர்ன் மாநிலத்தில், ரெக்கெர்ஸ்வில், லூட்டர்பாக் ஆகிய ஊர்களுக்கு இடைப்பட்ட ஏ1 நெடுஞ்சாலையின் மேல் 236 மீட்டர் நீளமுள்ள ஒரு பாலம் பூட்டி நிறுத்தப்பட்டது. அந்த இடத்தில் ஆறோ பள்ளமோ ரயில் பாதையோ இல்லை. பாலம் தாண்ட வேண்டியிருந்தது சாலையையேதான். வாகனங்கள் ஒரு முனையில் ஏறி, மேல்தளத்தில் இரண்டு தடங்களில் ஓடி, மறுமுனையில் இறங்க வேண்டும். அடியில் சுமார் 100 மீட்டர் நீளத்துக்குத் தொழிலாளர்கள் பழைய தார்ப்பரப்பைச் சுரண்டி எடுத்துப் புதிய பரப்பை விரிக்க வேண்டும். பகல் நேரத்தில், ஒரு தடத்தைக்கூட மூடாமல், நெடுஞ்சாலைக்கு மறுபரப்பு இடுவதுதான் நோக்கம். நாட்டின் நெடுஞ்சாலைகளைப் பேணும் கூட்டாட்சிச் சாலைத் துறையின் சுருக்கப் பெயரான ஆஸ்ட்ரா என்பதையே சேர்த்து இதற்கு ஆஸ்ட்ரா பிரிட்ஜ் என்று பெயரிட்டார்கள்.

பாலம் தாங்கியது, வாகனங்கள் ஓடின, அடியில் வேலையும் நடந்தது. ஆனால் எந்த நெரிசலைத் தவிர்ப்பதற்காகப் பாலம் கட்டப்பட்டதோ, அதே நெரிசல் பாலத்தின் வாசலில் உருவானது. அந்த ஆண்டுக்குத் திட்டமிட்டிருந்த தொடர் பயன்பாடு கைவிடப்பட்டு, பாலம் மாற்றியமைக்கக் கொண்டு செல்லப்பட்டது. 2024-இல் அது அதே பகுதிக்குத் திரும்பி வந்து, எதிர்பார்த்தபடி வேலை செய்தது. இந்த இரண்டு வருகைகளுக்கும் இடையிலான வேறுபாட்டை ஆராய்வதே இக்கட்டுரை. எவ்வளவு எடை தாங்கும், எத்தனை வாகனம் அகலத்தில் அடங்கும் என்ற கேள்விகளுக்குப் பாலம் முதல் முறையே சரியாக விடை சொல்லிவிட்டது. அதில் ஏறும் ஓட்டுநரின் கால் எந்த இடத்தில் பிரேக்கைத் தேடும் என்ற கேள்வியைத்தான் காலம் கடந்து கேட்டார்கள் என்பது என் கணிப்பு.

இரவு வேலையின் கணக்கு

இப்படி ஒரு பாலத்தைக் கட்டத் தோன்றியது ஏன் என்று புரிய, மறுபரப்பு இடும் வேலையின் இயல்பைப் பார்க்க வேண்டும். நெடுஞ்சாலையின் மேல் அடுக்கு பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் தடிமனே உள்ளது. வெயில், மழை, உறைபனி, சக்கரங்கள் எல்லாவற்றையும் முதலில் வாங்கிக்கொள்வது அந்த அடுக்குதான். சுமையின் தாக்கம் எடைக்கு நேர் விகிதத்தில் கூடுவதில்லை. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், ஒட்டாவா என்ற ஊரருகே 1958 முதல் 1960 வரை நடந்த சாலைச் சோதனையிலிருந்து பொறியாளர்கள் எடுத்துக்கொண்ட தோராய விதி, தேய்மானம் அச்சுச் சுமையின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடுகிறது என்பது. அதன்படி 10 டன் சுமக்கும் அச்சு ஒன்று ஒருமுறை உருண்டு போவது, 1 டன் அச்சு 10,000 முறை உருண்டு போவதற்குச் சமம். ஆகவே லாரிகள் ஓடும் சாலையில் மேல் அடுக்கைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவதைத் தள்ளிப்போடலாமே தவிர, தவிர்க்க முடியாது.

மாற்றும் வேலைக்கு ஒரு கறாரான வரிசை உண்டு. பற்கள் பதித்த உருளை கொண்ட இயந்திரம் பழைய அடுக்கைச் சுரண்டி லாரியில் கொட்டுகிறது. தூசியைக் கூட்டித் தள்ளி, ஒட்டுவதற்கான மெல்லிய பிட்டுமன் பூச்சைத் தெளிக்கிறார்கள். சுமார் 150 பாகை செல்சியஸ் சூட்டில் வந்து சேரும் ஜல்லித் தார்க் கலவையைப் பேவர் இயந்திரம் சீராக விரிக்கிறது. கலவை ஏறத்தாழ 90 பாகைக்கு இறங்குவதற்குள் ரோலர்கள் அதை அழுத்தி முடித்துவிட வேண்டும். அழுத்துவது தாமதமானால் உள்ளே காற்று இடைவெளி மிஞ்சும். அந்த இடைவெளியில் நீர் புகும். சில குளிர்காலங்களிலேயே பரப்பு பெயரத் தொடங்கும். அழுத்தி முடித்த பிறகும் பரப்பு நன்றாக ஆறும்வரை வாகனங்களை விட முடியாது, விட்டால் சக்கரத் தடம் பள்ளமாகப் பதிந்துவிடும்.

இத்தனையையும் இரவில் செய்வதென்றால், இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை கிடைக்கும் ஏழு மணி நேரத்தில், எச்சரிக்கைப் பலகைகளும் கூம்புகளும் வைத்துத் தடத்தை மூடுவதற்கு ஒரு மணி நேரம், அவற்றை எடுப்பதற்கு ஒரு மணி நேரம், பரப்பு ஆறுவதற்கு ஒரு மணி நேரம் என்று கழித்தால், கையில் மிஞ்சுவது நான்கு மணி நேரம்தான். இரவுக் காற்றின் குளிர்ச்சியால் கலவை விரைந்து ஆறுவதும் சேர்ந்துகொள்கிறது. சுவிட்சர்லாந்தில் காலை 5 மணி என்ற கெடுவுக்குத் தனிப் பொருள் உண்டு. அங்கே கனரக வாகனங்கள் இரவு 10 முதல் காலை 5 வரையும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஓடத் தடை இருப்பதால், இரவெல்லாம் நின்ற லாரிகள் கிளம்பும் நேரமும் சாலையைத் திறந்து கொடுக்க வேண்டிய நேரமும் ஒன்றே. ஐந்து நிமிடத் தாமதத்தைக்கூட விழுங்கிக்கொள்ள இடமில்லாத கால அட்டவணை அது.

பகலில் செய்ய வேறு வழியே இல்லை என்பதில்லை. நான்கு தடங்களையும் ஒடுக்கி எதிர்ப்பக்கத்துச் சாலைக்கு மாற்றிவிட்டு, ஒரு பக்கத்தை முழுவதும் காலி செய்து வேலை பார்ப்பது ஐரோப்பாவில் வழக்கமான முறை. பெரிய கட்டுமானத்துக்கு அது பொருந்தும். வெறும் மேல் அடுக்கை மாற்றுவதற்காக நடுத்தடுப்பைத் திறந்து, தடங்களைத் திருப்பி, எல்லாவற்றையும் மறுபடி பழையபடி ஆக்குவது, பூட்டைத் துடைக்கக் கதவைக் கழற்றுவது போன்றது.

பாலத்தின் அமைப்பு

ஆஸ்ட்ரா பிரிட்ஜின் எடை சுமார் 1,250 டன். அதைத் துண்டு துண்டாகக் கொண்டு வந்து நெடுஞ்சாலையிலேயே பூட்டுகிறார்கள். சக்கரங்கள் மேல் நிற்பதால், ஒரு பகுதியில் வேலை முடிந்ததும் இரவில் அதைச் சுமார் 100 மீட்டர் முன்னே நகர்த்தி நிறுத்திவிட முடியும். மறுநாள் காலை அடுத்த 100 மீட்டருக்கு வேலை தொடங்கும். அடியில் கிடைக்கும் வேலைப்பரப்பு ஏறத்தாழ ஐந்து மீட்டர் அகலமும், மூன்று மீட்டரைச் சற்றே தாண்டிய உயரமும் கொண்டது. சாதாரண நெடுஞ்சாலை வேலையில் டிப்பர் லாரி பின்பக்கத்தைத் தூக்கிக் கலவையைப் பேவருக்குள் கொட்டும். இந்த உயரத்தில் அப்படித் தூக்க முடியாது. ஆகவே அடியில் நுழையும் இயந்திரங்களும் கலவையைக் கொண்டு சேர்க்கும் முறையும் அந்தக் கூரைக்கு ஏற்றபடி அமைய வேண்டியிருந்தது.

தொழிலாளர்களின் கண்ணிலிருந்து பார்த்தால் இதன் ஆதாயம் பெரிது. நெடுஞ்சாலை வேலையில் உயிருக்கு ஆபத்து பக்கத்துத் தடத்தில் ஓடும் வாகனத்திலிருந்தே வருகிறது; பாலத்தின் கீழ் அந்தப் பக்கத்துத் தடமே இல்லை. மழை, வெயில் இரண்டிலிருந்தும் நிழல் கிடைக்கிறது. இரவில் உறங்கலாம். சாலையோர ஊர்க்காரர்களுக்கும் சுரண்டும் இயந்திரத்தின் இரைச்சலும், பின்னோக்கி வரும் வண்டிகளின் எச்சரிக்கை ஒலியும் நள்ளிரவில் கேட்காது. இந்தக் கணக்குகள் எல்லாம் காகிதத்தில் சரியாகவே இருந்தன, நடைமுறையிலும் பொய்க்கவில்லை.

ஒரு குறை மட்டும் வடிவத்திலேயே ஒட்டியிருக்கிறது. 100 மீட்டருக்கு ஒருமுறை வேலையை நிறுத்தித் தொடங்குவதால், ஒரு கிலோமீட்டருக்குப் பத்துக் குறுக்கு இணைப்புகள் விழுகின்றன. தார்ப்பரப்பில் முதலில் நைந்து போவது பெரும்பாலும் இணைப்பு என்பது இந்தத் தொழிலில் உள்ள எவருக்கும் தெரியும்; நேற்று ஆறிப்போன விளிம்போடு இன்று சூடான கலவையை ஒட்டும் இடம் அது. பகல் வெளிச்சத்தில் அவசரமின்றி இணைப்பைச் செய்ய முடிவது இதற்கு ஓரளவு ஈடு.

2022: ஏற்றத்தில் போன அரை நொடி

பாலத்தின் மேல் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு தடங்களிலும் வாகனங்கள் சீராக ஓடும் என்பது திட்டத்தின் அடிப்படை. சுவிட்சர்லாந்து நெடுஞ்சாலைகளில் பொது வேக வரம்பு மணிக்கு 120 கிலோமீட்டர், லாரிகளுக்கு 80. வேகம் பாதியானால் கொள்ளளவும் பாதியாகும் என்று தோன்றலாம், அப்படி ஆவதில்லை. வேகம் குறையும்போது வாகனங்கள் நெருங்கி ஓடுவதால், ஒரு தடத்தில் மணிக்குக் கடக்கும் வாகனங்களின் எண்ணிக்கை 60 கிலோமீட்டர் வேகத்திலும் ஏறத்தாழ முன்போலவே இருக்க முடியும். எல்லோரும் ஒரே வேகத்தில், தயங்காமல் போக வேண்டும் என்பதே அதற்கு நிபந்தனை.

ஏற்றச் சாய்வில் அந்த நிபந்தனை உடைந்தது. வந்துகொண்டிருந்த ஓட்டுநருக்கு முன்னே, சமதளச் சாலையில், திடீரென ஒரு சுவர்போல எழும் உலோகச் சாய்தளம் தெரிகிறது. அதன் மறுபக்கம் தெரிவதில்லை. ஏறுவதற்கு அந்தச் சாய்வு உண்மையில் கடினமானதல்ல. மலைநாட்டில் அதைவிடச் செங்குத்தான சாலைகளில் அதே ஓட்டுநர் தினமும் போகிறவர். ஆனால் வளைவு தொடங்கும் இடத்தில் வண்டி குதிக்குமோ, அடிப்பகுதி தட்டுமோ என்ற ஐயம் போதும். கால் ஆக்சிலேட்டரிலிருந்து எடுபடுகிறது. லாரிக்கு ஐயத்தோடு எடையும் சேர்கிறது. 40 டன் வண்டி ஒருமுறை வேகம் இழந்தால், ஏற்றத்தில் அதைத் திரும்பப் பெறுவதற்குள் பாலமே முடிந்துவிடும். அறிவித்த 60-ஐ எட்டாமல், வாகனங்கள் அதற்கு வெகு கீழான வேகத்திலேயே ஏறின.

தயக்கத்தின் விலையைக் கணக்கிடுவது எளிது. ஒரு புள்ளியைக் கடக்கும் இரண்டு வாகனங்களுக்கு இடையே 1.8 நொடி இடைவெளி இருந்தால், ஒரு தடத்தில் மணிக்கு 2,000 வாகனங்கள் போகும். தயக்கத்தால் அது 2.4 நொடி ஆனால், 1,500 மட்டுமே போகும். அரை நொடியைச் சற்றே தாண்டிய அந்த இழப்பு, இரண்டு தடங்களில் சேர்ந்து மணிக்கு 1,000 வாகனங்களைத் தின்றுவிடுகிறது. தடங்கள் இரண்டும் திறந்தே இருக்கின்றன; ஆனால் அரைத் தடத்தை மூடியதற்கு நிகரான விளைவு வந்துவிடுகிறது. (இந்த எண்கள் கணக்கை விளக்க நான் எடுத்துக்கொண்டவை, ஏ1-இல் அளந்தவை அல்ல.)

தடையே இல்லாத இடத்திலும் இப்படி நெரிசல் பிறக்கும் என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட சோதனை ஒன்று கண்முன் காட்டியது. 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களை மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தில், முன்வண்டியோடு சீரான இடைவெளி விட்டு ஓட்டச் சொன்னார்கள். சிறிது நேரம் எல்லாம் ஒழுங்காகப் போனது; பிறகு யாரோ ஒருவரின் சிறு வேகக் குறைப்பு பின்னால் வருபவரிடம் பெரிதாகி, அவருக்குப் பின்னால் வருபவரிடம் இன்னும் பெரிதாகி, கடைசியில் சில கார்கள் முழுதாக நின்றன. நின்ற கூட்டம் வட்டத்தில் பின்னோக்கி மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்துகொண்டே இருந்தது. அந்த வட்டத்தின் நீளமும் 2022-இல் நின்ற பாலத்தின் நீளமும் ஏறக்குறைய ஒன்று என்பது தற்செயல்தான், ஆனால் நினைவில் வைத்துக்கொள்ள வசதியான தற்செயல். சமதளத்திலேயே இப்படி என்றால், ஒவ்வொரு வாகனமும் ஒரே இடத்தில் ஒரே காரணத்துக்காகக் காலை எடுக்கும் சாய்தளத்தின் வாசலில் என்ன நடக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல. ஜப்பானின் விரைவுச்சாலைகளில் நெரிசல் அடிக்கடி தொடங்கும் இடங்கள், இறக்கம் முடிந்து மெல்லிய ஏற்றம் ஆரம்பமாகும் பகுதிகளே. அங்கே ஓட்டுநர்கள் தாங்கள் வேகம் குறைவதையே அறிவதில்லை.

இன்னொன்றும் உண்டு. வரிசை ஒருமுறை உருவாகிவிட்டால், அதன் தலைப்பக்கத்திலிருந்து வெளியேறும் வாகனங்களின் எண்ணிக்கை, வரிசை உருவாவதற்கு முன் ஓடிக்கொண்டிருந்ததைவிடக் குறைந்துவிடும். நின்று கிளம்பும் ஒவ்வொருவரும் முன்வண்டி நகர்ந்த பிறகு ஒரு கணம் கழித்தே நகர்வதால் வரும் இழப்பு இது. காலையில் ஏற்பட்ட வரிசையை நண்பகல்வரை இழுத்துச் செல்வது இந்த இழப்புதான்.

வரிசை ஊருக்குள் இறங்கும் விதம்

நெடுஞ்சாலையில் நிற்கும் வரிசை அங்கேயே நின்றிருந்தால், பாதிக்கப்படுபவர்கள் அதில் உள்ளவர்கள் மட்டுமே. அது அங்கே நிற்பதில்லை என்பதால்தான் மறுபரப்பு வேலை உள்ளூர்ப் பிரச்சினையாகிறது.

மேலே எடுத்துக்கொண்ட எண்களையே தொடர்வோம். பாலம் மணிக்கு 3,000 வாகனங்களை விடுகிறது. நெரிசல் நேரத்தில் வருவது மணிக்கு 3,400 என்று கொள்வோம். இரண்டு மணி நேரத்தில் 800 வாகனங்கள் வரிசையில் சேர்ந்துவிடும். இரண்டு தடங்களில் தடத்துக்கு 400. லாரிகளையும் சேர்த்து ஊர்ந்து போகும் வாகனம் ஒன்றுக்குச் சராசரியாக 15 மீட்டர் என்றால், வரிசையின் நீளம் 6 கிலோமீட்டர். வருகை மணிக்கு 2,600-ஆகக் குறைந்த பிறகு, அந்த 800 வாகனங்கள் கரைய இன்னும் இரண்டு மணி நேரம் ஆகும். இவ்வளவுக்கும், வரிசையின் வாலில் சேரும் ஒருவர் உண்மையில் காத்திருக்க வேண்டியது 16 நிமிடம்தான். ஆனால் அவர் கண்ணுக்குத் தெரிவது 6 கிலோமீட்டர் நீளத்துக்குச் சிவப்பு விளக்குகள். வானொலி அறிவிப்பும் கிலோமீட்டரைத்தான் சொல்லும். கையிலுள்ள வழிகாட்டிச் செயலி, ஊருக்குள் புகுந்து போனால் நான்கு நிமிடம் மிச்சம் என்று காட்டினால் அவர் அடுத்த வெளியேற்றத்தில் இறங்கிவிடுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருடைய கணக்கில் பிழை இல்லை.

பிழை கூட்டலில் இருக்கிறது. 3,400 பேரில் பத்தில் ஒருவர் இறங்கினால், மணிக்கு 340 வாகனங்கள். அதாவது ஏறத்தாழ பத்து நொடிக்கு ஒன்று. நெடுஞ்சாலைக்கு இது சிறு எண். ஊரின் நடுவே போகும் சாலைக்கு இது வேறு விஷயம். ஆறரை மீட்டர் அகலமுள்ள சாலையை ஒரு முதியவர் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் கடக்க, அவருக்கு ஏழு நொடி இடைவெளி வேண்டும். ஏற்கெனவே ஓடும் உள்ளூர் வாகனங்களோடு பத்து நொடிக்கு ஒரு வெளியூர் வாகனமும் சேரும்போது, அந்த ஏழு நொடி கிடைப்பது அரிதாகிவிடும். பக்கத் தெருவிலிருந்து பிரதான சாலையில் ஏற நிற்கும் கார், நிறுத்தத்திலிருந்து கிளம்ப முயலும் பேருந்து, பள்ளிக்குச் சைக்கிளில் போகும் பிள்ளை எல்லோரும் அதே இடைவெளிக்காகக் காத்திருப்பவர்கள். அவர்களுடைய தாமதத்தை எந்த நெடுஞ்சாலைப் புள்ளிவிவரமும் அளப்பதில்லை. ஊர் வழியாகப் போனவர்கள் கடைசியில் பாலத்துக்கு அப்பால் நெடுஞ்சாலையில் மீண்டும் ஏற வேண்டும் என்பதால், நுழைவுச் சாய்தளத்திலும் ஒரு வரிசை உருவாகிறது. அங்கே நெடுஞ்சாலையில் ஏற வரும் உள்ளூர்க்காரர்களும் அதே வரிசையில்தான் நிற்க வேண்டியிருக்கிறது.

இந்தத் தொல்லை அந்தப் பாலத்துக்கு மட்டும் உரியதல்ல. அண்டை நாடான ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலம், நெரிசலைத் தவிர்க்க நெடுஞ்சாலையிலிருந்து ஊர்ச் சாலைகளில் இறங்குவதற்கே 2019 கோடையிலிருந்து வார இறுதிகளில் தடை விதித்தது. இன்ஸ்புரூக் சுற்றுவட்டாரத்தில், ஊருக்குள் சேர்விடம் இல்லாத வாகனங்களைக் காவலர்கள் திருப்பி அனுப்பினார்கள். செயலி சொல்லும் வழி சட்டப்படி மூடப்பட்ட வழியாக இருக்கட்டும் என்ற கடுமையான தீர்வு அது. பராமரிப்பு வேலை நடக்கும் சில வாரங்களுக்கு மட்டும் இதுபோன்ற ஏற்பாட்டைச் செய்வது, பாலம் கட்டுவதைவிட மலிவு. ஆனால் வரிசையை அது குறைப்பதில்லை, இருக்கும் இடத்தில் இருக்க வைக்கிறது, அவ்வளவுதான்.

சரிசெய்ததும் திரும்பி வந்ததும்

ஆஸ்ட்ரா பாலத்தைக் கைவிடவில்லை, சாய்தளங்களை மாற்றியமைத்தது. ஏற்றம் மென்மையாகத் தொடங்கி மென்மையாக முடியும்படி சாய்தளங்களை நீட்டியதில், பாலத்தின் மொத்த நீளம் 236-இலிருந்து 257 மீட்டராயிற்று. கூடியது 21 மீட்டர். கீழே வேலைப்பரப்பின் நீளத்திலோ மேலே தடங்களின் எண்ணிக்கையிலோ மாற்றம் இல்லை. ஓட்டுநரின் கண்ணுக்கு முன்னால் எழுந்த சுவர், ஏறிப் போகக்கூடிய மேடாக மாறியது என்பதே வேறுபாடு. 2024-இல் அதே ரெக்கெர்ஸ்வில், லூட்டர்பாக் இடையே பாலம் மீண்டும் நிறுத்தப்பட்டபோது, மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வாகனங்கள் மேலே போய்க்கொண்டிருக்க, கீழே பகலில் வேலை நடந்தது. அந்தக் காட்சியின் காணொளிகள் உலகமெங்கும் பரவின. பார்த்தவர்களில் பலருக்கு அது இரண்டாவது முயற்சி என்று தெரிந்திருக்காது.

முதல் தோல்வியைக் கேலி செய்தவர்கள் அன்றைக்கு நிறைய இருந்தார்கள். என் பார்வையில் அந்தத் தோல்வி வெட்கப்பட வேண்டியதல்ல, ஆனால் தவிர்த்திருக்கக்கூடியது. ஓடும் நெடுஞ்சாலையில் வைப்பதற்கு முன், மூடிய இடம் ஒன்றில், லாரிகளும் கார்களும் கலந்து, நெருக்கமான இடைவெளியில், பாலத்தை முன்பின் பார்த்திராத ஓட்டுநர்களைக் கொண்டு ஓட்டிப் பார்த்திருந்தால், அந்த அரை நொடி அங்கேயே கண்ணில் பட்டிருக்கும். ஒற்றை வண்டியைப் பலமுறை ஏற்றி இறக்கும் சோதனையில் அது ஒருபோதும் தெரியாது. ஒற்றை வண்டிக்கு முன்னும் பின்னும் எவரும் இல்லை.

இந்த முயற்சிக்கு அந்த நாட்டில் கூடுதல் தேவையும் உண்டு. சுவிட்சர்லாந்தின் தேசிய நெடுஞ்சாலைகளில் 2023-இல் பதிவான நெரிசல் 48,807 மணி நேரம்; அதில் மிகப் பெரும்பகுதி சாலை வேலையால் வந்ததல்ல, வாகனங்கள் மிகுந்ததால் வந்தது. அதாவது சாலை சாதாரண நாளிலேயே விளிம்பில் நிற்கிறது. ஒரு சிறு இடையூறு போதும். 2024 நவம்பர் 24-இல் நடந்த பொது வாக்கெடுப்பில், பெர்ன் அருகே ஏ1-இன் சில பகுதிகள் உட்பட நெடுஞ்சாலைகளை விரிவுபடுத்தும் திட்டத்தை 52.7 விழுக்காட்டினர் நிராகரித்தார்கள். அந்த முடிவு சரியா தவறா என்பது இக்கட்டுரையின் பொருளல்ல. இருக்கும் தடங்களையே வைத்து, அவற்றை ஓடவிட்டபடியே பராமரிக்க வேண்டிய கட்டாயம் அதனால் கூடியது என்பது மட்டும் தெளிவு.

வேறு இரண்டு வழிகள்

பாலத்தின் வழி, வேலையை ஓட்டுநரின் கண்ணிலிருந்து மறைக்க முயல்கிறது. இதற்கு நேர் எதிரான வழி, வேலையை எல்லோருக்கும் முன்கூட்டியே உரக்கச் சொல்லி, சாலையை மொத்தமாக எடுத்துக்கொள்வது. கலிபோர்னியாவில், லாஸ் ஏஞ்சலஸையும் லாஸ் வேகாஸையும் இணைக்கும் ஐ-15 நெடுஞ்சாலையில், டெவோர் அருகே நாளொன்றுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் ஓடும் 4.5 கிலோமீட்டர் நீளப் பகுதியின் கான்கிரீட் தடங்களை 2004 அக்டோபரில் அப்படித்தான் புதுப்பித்தார்கள். வழக்கமான இரவு மூடல்களில் செய்திருந்தால் ஏறத்தாழ பத்து மாதம் பிடிக்கும் வேலை. ஒவ்வொரு பக்கத்தையும் ஒன்பது நாள் முழுதாக மூடி, இரவு பகலாக வேலை செய்து, இரண்டே மூடல்களில் முடித்தார்கள். எல்லா வாகனங்களும் மறுபக்கச் சாலையில் ஓடின. நேரத்துக்கேற்ப எந்தத் திசைக்குக் கூடுதல் தடம் வேண்டுமோ அதற்கேற்ப, இயந்திரத்தால் நகர்த்தக்கூடிய தடுப்புச் சுவரை இடம் மாற்றினார்கள்.

இந்த முறையின் ஆதாரம் பொறியியலைவிட அறிவிப்பில் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸில் 2011 ஜூலையில் ஐ-405 நெடுஞ்சாலையின் சுமார் 16 கிலோமீட்டர் பகுதியை ஒரு வார இறுதிக்கு மூடியது மறுபரப்புக்காக அல்ல, குறுக்கே போகும் பாலம் ஒன்றின் பாதியை இடிப்பதற்காக. ஆனால் பாடம் இங்கும் பொருந்தும். நகரமே முடங்கும் என்று வாரக்கணக்கில் எச்சரித்ததன் விளைவாக, மக்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்; எதிர்பார்த்த நெரிசல் வரவே இல்லை; சாலையும் குறித்த நேரத்துக்கு முன்பே ஞாயிறு நண்பகலில் திறக்கப்பட்டது. வேலை தெரியாதபடி நடந்தால் எவரும் பயணத்தை மாற்றுவதில்லை. அதனால் சிறு பிசகுகூட முழுக் கூட்டத்தின் மேல் விழுகிறது. 2022-இல் ஏ1-இல் நடந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன். தடம் குறையாது என்று சொல்லப்பட்ட இடத்துக்கு, வழக்கமான கூட்டம் வழக்கமான நேரத்தில் வந்தது.

பாலம் செல்லாத இடங்கள்

2024-இன் வெற்றிக்குப் பிறகும் பாலத்துக்கு எட்டாத இடங்கள் இருக்கின்றன. சாய்தளங்களோடு சேர்த்து 257 மீட்டர் நீளமுள்ள ஒரு பொருள் நிற்கும் தூரத்துக்குள், நெடுஞ்சாலையில் எந்த வாகனமும் நுழையவோ வெளியேறவோ முடியாது. ஆகவே இணைப்புச் சாலைகள் வந்து சேரும் சந்திப்புகளில் அதை நிறுத்தினால், அந்த ஊருக்கு நெடுஞ்சாலையே மூடியதாகிவிடும். மேலே குறுக்குப் பாலங்கள் தாழ்வாக இருக்கும் இடங்களில், பாலத்தின் மேல் ஓடும் லாரிக்குத் தலைக்கு மேல் இடம் போதாது. சுரங்கத்துக்குள் அதை வைக்க இயலாது. கூர்மையான வளைவில் நேரான எஃகுத் தளத்தைப் பொருத்துவது சிரமம்.

உள்ளூர்ப் போக்குவரத்து நெடுஞ்சாலையைத் தொடும் இடம் அந்தச் சந்திப்புகள்தான். வெளியேற்றத் தடத்தின் மேல் அடுக்கு பிரேக் போடும் சக்கரங்களாலும், நுழைவுத் தடத்தின் அடுக்கு வேகமெடுக்கும் சக்கரங்களாலும் நேரான பகுதியைவிட விரைவாகத் தேய்கிறது. அடிக்கடி மாற்ற வேண்டியதும் அங்கேதான். அந்த இடங்களில் வேலை பழைய முறைப்படியே நடக்கிறது: இரவு 10 மணிக்குக் கூம்புகள் வைக்கப்படுகின்றன, நள்ளிரவில் சுரண்டும் இயந்திரம் ஓடுகிறது, ஊர்க்காரர்கள் அடுத்த சந்திப்புவரை சுற்றிப் போகிறார்கள், காலை 5 மணிக்கு முதல் லாரி வருவதற்குள் பரப்பு ஆறியாக வேண்டும்.